குழாய் ஜலமும் ரிக்கார்டு நோட்டும்

எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் மனு எழுத வேண்டுமென்றால் மட்டும் எல்லோரும் என்னைத்தான் தேடிக்கொண்டு வருவார்கள். உபாத்தியாயர் என்றால் பொழுது போகாமல் உட்கார்ந்திருப்பவர் என்று ஜனங்களுக்கு ஓர் எண்ணம். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பேர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்கள்.

விஷயம் இதுதான். நகராட்சிக் குழாயில் வரும் ஜலத்தில் ஒரு வாரமாய் ப்ளீச்சிங் பவுடர் நெடி தாங்க முடியவில்லை. காப்பி கெட்டது, ரஸம் கெட்டது. ஸ்வாமிக்கு எடுத்து வைத்த தீர்த்தம்கூட ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது என்று எதிர் வீட்டுப் பாட்டி கண்ணீர் விடாத குறையாகச் சொன்னாள். "மருந்தைக் குறைக்கச் சொல்லி நாலு வரி எழுதிக் கொடுங்கள், ஸார். கையெழுத்துப் போட நாங்கள் தயார்" என்றார்கள். என் மனைவி எந்தக் கட்சி என்பதை உள்ளேயிருந்து வந்த காப்பியே தெரிவித்தது. ஒரு வாய்க்கு மேல் யாரும் குடிக்கவில்லை.

காகிதத்தை எடுத்து, "மாண்புமிகு ஆணையாளர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்தும் விட்டேன். அதற்கு மேல் பேனா ஓட மறுத்தது. கனடா தேசத்தில் உள்ள ஓர் ஊரின் ஞாபகம் வந்து விட்டதுதான் காரணம். அந்த ஊராரிலும் சிலர் ஜலத்தில் க்ளோரின் நெடி அதிகம் என்று முறையிட்டவர்கள்தாம்.

ஊரின் பெயர் வாக்கர்டன். ஒண்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவுக்கு வடமேற்கே, ஸாகீன் நதிக் கரையில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அதன் ஜனத்தொகை ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஊரைச் சுற்றிலும் பண்ணைகளும் மாடுகளும்தான். ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்தவை மூன்று குழாய்க் கிணறுகள். அவற்றில் 1978-ல் தோண்டிய ஐந்தாம் நம்பர் கிணறு, பூமிக்குக் கீழே 5 முதல் 8 மீட்டர் ஆழத்திலேயே தண்ணீரை எடுத்தது. நம் பாட்டனார் காலத்துக் கொல்லைக் கிணறுகள் பல இதைவிட ஆழமானவை. அடியில் இருந்த பாறையோ வெடிப்பு விட்ட பாறை. மேலே பெய்த மழை, மண்ணில் தங்கி வடிகட்டப்படாமல், அந்த வெடிப்புகளின் வழியே விரைவாகக் கிணற்றில் இறங்கி விடும்.

இப்படிப்பட்ட கிணற்றுக்கு ஒரே காவல் க்ளோரின். இதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி விடுகிறேன். ரஸாயன வாத்தியாரின் பழக்கம் என்று நேயர்கள் மன்னிக்க வேண்டும். ஜலத்தில் போட்ட க்ளோரின் அப்படியே இருப்பதில்லை. கிருமியோ, சாணமோ, அழுகிய இலையோ எதைக் கண்டாலும் அதனுடன் போராடித் தானும் செலவாகி விடும். ஆகையால், எவ்வளவு போட்டோம் என்பது முக்கியமல்ல. போராட்டம் முடிந்த பிறகு எவ்வளவு மிச்சம் என்பதே முக்கியம். மிச்சம் இருந்தால், அழுக்கு தோற்றது என்று பொருள். மிச்சம் திடீரென்று பூஜ்யமானால், எங்கிருந்தோ அழுக்கு வந்து புகுந்துவிட்டது என்று பொருள். க்ளோரின் காவல்காரன் மட்டுமல்ல, ஆபத்து வந்தால் மணி அடிப்பவனும் அவன்தான். ஆனால் அந்த மணி யாராவது தினந்தோறும் அளந்து பார்த்தால்தான் காதில் விழும்.

ஒண்டாரியோவில் அப்போது இருந்த விதி, கால் மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது. வாக்கர்டனில் குழாய் ஜலத்துக்குப் பொறுப்பாயிருந்தவர்கள் மானேஜர் ஒருவரும், அவருக்கு அடுத்த நிலையில் அவருடைய தம்பியும். இருவரும் பல வருஷம் அங்கேயே வேலை பார்த்தவர்கள். பரீட்சை எழுதாமல், அநுபவத்தைக் கொண்டே உத்தியோகச் சான்று பெற்றவர்கள். ஊர்த் தண்ணீர் தேன் போன்றது என்பது அவர்களுடைய திடமான நம்பிக்கை. மருந்து கலக்காத கிணற்று ஜலத்தையே தாங்களும் குடித்தார்கள். எனவே க்ளோரினை வேண்டியதற்குக் குறைவாகப் போட்டார்கள். பெரும்பாலான நாட்களில் மிச்சத்தை அளக்கவே இல்லை. தினசரிக் குறிப்பில் மாத்திரம் 0.5 என்றும் 0.75 என்றும் தவறாமல் எழுதி வைத்தார்கள். பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்த இடம் ஒன்று, சீசாவின் மேல் எழுதிய இடம் வேறொன்று என்பதும் வழக்கமாயிருந்தது. 1998-ல் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து, க்ளோரின் குறைவு என்று எச்சரித்துப் போனார். அதற்குப் பிறகு ஒருவரும் திரும்பி வந்து பார்க்கவில்லை.

2000-ஆம் வருஷம் மே மாதம் 8-ஆம் தேதியிலிருந்து 12-ஆம் தேதி வரை ஐந்து நாள் விடாத மழை, 134 மில்லிமீட்டர். ஐந்தாம் நம்பர் கிணற்றுக்கு அருகிலிருந்த பண்ணையில் முந்திய மாதந்தான் மாட்டெரு இட்டிருந்தார்கள். முறைப்படிதான் இட்டார்கள், அந்தக் குடியானவர் மேல் குற்றமே இல்லை என்று பிற்பாடு விசாரித்த நீதிபதியும் சொன்னார். மழையோடு எருவிலிருந்த கிருமிகள் கிணற்றில் இறங்கின. ஈ. கோலி ஓ157:ஹெச்7 என்பது ஒன்று, காம்பிலோபாக்டர் என்பது மற்றொன்று. கொஞ்சமாய்ப் போட்டிருந்த க்ளோரின் முதல் மோதலிலேயே தீர்ந்து போயிருக்க வேண்டும். மணி அடித்தது, கேட்பதற்கு ஆள் இல்லை. குறிப்பில் மட்டும் வழக்கமான எண்ணே ஏறியது.

மே 17-ஆம் தேதி பரிசோதனைச் சாலையிலிருந்து மானேஜருக்குத் தகவல் வந்தது, ஜலத்தில் ஈ. கோலி இருக்கிறதென்று. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. பரிசோதனைச் சாலையும் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்கவில்லை. 1996-ல் அரசாங்கம் இந்தப் பரிசோதனையைத் தனியார் வசம் விட்டபோது, கெட்ட செய்தியைச் சுகாதார அதிகாரிக்கும் சொல்ல வேண்டும் என்று சட்டம் செய்ய மறந்து போயிருந்தது. மறு நாள் பள்ளிக்கூடத்தில் பல குழந்தைகள் வரவில்லை. இரத்த பேதியோடு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 19-ஆம் தேதி சுகாதார அதிகாரிகள் மானேஜரைக் கேட்டார்கள். ஜலம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். 20-ஆம் தேதி மறுபடி கேட்டார்கள். அதே பதில். இதற்கிடையே யாருக்கும் தெரியாமல் குழாய்களில் க்ளோரினைக் கொட்டிக் கழுவிக் கொண்டிருந்தார். எந்த மருந்தை வருஷக்கணக்கில் குறைத்தாரோ, அதையே!

21-ஆம் தேதி சுகாதார அதிகாரிகள் அவர் வார்த்தையை நம்பாமல், ஜலத்தைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று தாங்களாகவே எச்சரித்தார்கள். காலம் கடந்து விட்டது. அந்தச் சிற்றூரிலும் அங்கே வந்து போனவர்களிலுமாக 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 65 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அவர்களில் 27 பேருக்குச் சிறுநீரகம் பழுதாகும் கொடிய நிலை உண்டாயிற்று. ஏழு பேர் மாண்டார்கள். டிஸம்பர் வரையில் அந்த ஊர் ஜலத்தைக் காய்ச்சியே குடித்தது.

நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் விசாரித்து 2002-ல் அறிக்கை கொடுத்தார். சர்க்கார் செய்த சிக்கனத்தையும் அவர் தப்ப விடவில்லை. ஐந்தாம் கிணற்றில் மிச்ச க்ளோரினை இடைவிடாமல் அளக்கும் கருவி இருந்திருந்தால் இந்த விபரீதமே நேர்ந்திராது என்றார். கருவி இல்லாவிட்டாலும், தினம் ஒரு தடவை கையால் அளந்திருந்தால் சேதம் பெருமளவு குறைந்திருக்கும். 19-ஆம் தேதியே மானேஜர் உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டும், 300 முதல் 400 பேர் நோயிலிருந்து தப்பியிருப்பார்கள். 2004-ல் சகோதரர் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மூத்தவருக்கு ஒரு வருஷம் சிறை. இளையவருக்கு ஒன்பது மாதம் வீட்டுக் காவல்.

அந்தச் சகோதரர்களை ராக்ஷஸர்கள் என்று நினைக்க என்னால் முடியவில்லை. அவர்கள் செய்த காரியம் எனக்கு வெகு பரிச்சயமானது. என் ரஸாயன வகுப்புப் பையன்களின் ரிக்கார்டு நோட்டைப் பார்த்தால் தெரியும். பியூரெட் அளவு 20.1, 20.0, 20.0 என்று அழகாக இருக்கும். மூன்றாவது தடவை அளந்தார்களா என்றால், இரண்டாவது தடவையே சந்தேகம். விடை முதலில் வந்து, அளவு பின்னால் வந்து சேரும். இதெல்லாம் தெரிந்தே இருபது வருஷமாக நான் சிவப்பு மையில் 'சரி' போட்டு வந்திருக்கிறேன். பையன் பாஸ் ஆக வேண்டுமே!

திண்ணையில் இருந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "கனடாவில் நடந்ததற்கு நம் காப்பி என்ன செய்யும், ஸார்?" என்றார் ஒருவர். பாட்டிக்கு மட்டும், தீர்த்தத்தை வாயகன்ற பாத்திரத்தில் முதல் நாளே பிடித்து வைத்தால் நெடி போய்விடும் என்று வழி சொன்னேன். நெடியோடு காவலும் போய்விடும். ஆகையால் துணியால் மூடி வைத்து, கை படாமல் மொண்டு கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். பாட்டிக்குத் திருப்தி. மற்றவர்கள் நாளைக்கு வருகிறோம் என்று போய் விட்டார்கள்.

மனு போகவே இல்லை. ஆனால் யார் யாரிடம் சொன்னார்களோ, வியாழக்கிழமையன்று நெடி அடியோடு நின்றது. ரஸம் மணத்தது. தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். என் வீட்டில் இரண்டாவது தம்ளர் காப்பி கிடைத்தது. எனக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜலம் வரும் நேரத்தில் பையன்கள் நால்வரை அழைத்துக்கொண்டு, தெருக்கோடியில் உள்ள கடைசிக் குழாய்க்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் க்ளோரின் பார்க்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு. கண்ணாடிக் குழலில் ஜலத்தைப் பிடித்து ஒரு மாத்திரையைப் போட வேண்டும். க்ளோரின் இருந்தால் ரோஜா நிறம் தோன்றும். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டு எண்ணைப் படிக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் வருஷத்துக் குடிநீர் விதிப்படி, குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். மாத்திரை கரைந்தது. ஜலம் பளிங்கு போல் அப்படியே இருந்தது. இரண்டாவது தடவையும் பார்த்தோம். மூன்றாவது தடவையும் பார்த்தோம், மெய்யாகவே. சாயலுக்குக்கூட நிறம் இல்லை.

வகுப்புக்குத் திரும்பி நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். மூவர் பூஜ்யம் என்று எழுதியிருந்தார்கள். வகுப்பிலேயே கெட்டிக்காரனான நாலாமவன், 0.2, 0.2, 0.2 என்று முத்து முத்தாக எழுதியிருந்தான்.

"எங்கேயடா கண்டாய் இந்த நிறத்தை?" என்றேன்.

"காணவில்லை, ஸார். ஆனால் 0.2 இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றான்.

அவன் கையாலேயே மூன்றையும் அடிக்கச் செய்து, பக்கத்தில் பூஜ்யம், தேதி, குழாய் இருக்கும் இடம் எல்லாம் எழுதச் சொன்னேன். அந்தப் பக்கத்தின் நகலைப் புதிய மனுவோடு சேர்த்திருக்கிறேன். தெருக்கோடிக் குழாயில் தினந்தோறும் மிச்ச க்ளோரினை அளந்து, அந்த எண்ணைத் தேதியோடு தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதே மனுவின் சாரம். இதுவரை ஐந்து கையெழுத்துகள் ஆகியிருக்கின்றன. முதல் கையெழுத்து எதிர் வீட்டுப் பாட்டியினுடையது.