பூம்பூம் மாடு (வழக்குச் சொல்)

பூம்பூம் மாடு என்பது, பிறர் சொல்வதை ஆராயாமல் எதற்கும் தலையாட்டும் ஒருவரைக் குறிக்கத் தமிழ்ப் பேச்சு வழக்கில் பயன்படும் ஏளனச் சொல் ஆகும். "பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டுகிறான்" என உவமையாகவே இது பெரிதும் வழங்குகின்றது.

சொல்லின் தோற்றம்

அலங்கரித்த காளையுடன் வீடு வீடாகச் சென்று, நல்வாக்குச் சொல்லி அரிசி, பழந்துணி, காசு ஆகியவற்றைப் பெறுவோர் பூம்பூம் மாட்டுக்காரர் எனப்படுவர். சென்னையிலும் அதன் புறநகர்களிலும் மார்கழி, தை மாதங்களில் இவர்களைக் காணலாம். 'பூம் பூம்' என்பது உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் ஓசையைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல். "இந்த வீட்டுக்கு நல்ல காலம் வருமா?" என்று மாட்டுக்காரர் கேட்பார், மாடு தலையாட்டும். கேள்வி மாட்டுக்கு விளங்குவதில்லை. உறுமியின் ஒலிக்கும் கயிற்றின் அசைவுக்கும் அது பழக்கப்படுத்தப்பட்டுள்ளது. எதைக் கேட்டாலும் அதே தலையாட்டல்தான். இவ்வசைச் சொல்லின் கூர்மையும் அதிலேதான் உள்ளது.

இவ்வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் கங்கிரெத்து, கன்னடத்தில் கோலே பசவ, மராத்தியில் நந்தி பைல் என்னும் பெயர்களும் இதே பொருளில் ஆளப்படுகின்றன.

ஒத்த சொற்கள்

ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய பேச்சு வழக்குச் சொல் 'ஷீப்பிள்' ஆகும். ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்', மக்களைக் குறிக்கும் 'பீப்பிள்' ஆகிய இரண்டும் இணைந்து உருவான இச்சொல் 1945 இல் அச்சில் காணப்படுகின்றது. மெரியம்-வெப்சுடர் அகராதி 2017 இல் இதைச் சேர்த்துக் கொண்டது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. செம்மறியாடு முன்னால் செல்லும் ஆட்டைப் பார்த்துப் போகின்றது. பூம்பூம் மாடோ தனியாக நின்று, கயிற்றைப் பிடித்திருப்பவருக்குப் பணிகின்றது. ஆகவே 'ஷீப்பிள்' என்பதற்கு 'ஆட்டு மந்தை' என்பதே பொருத்தமான தமிழாகும். 'ஆமாஞ்சாமி' என்பது வேறு வகை: அவர் தாம் செய்வதை அறிந்தே, தம் நலனுக்காக ஆமாம் போடுபவர்.

பெயருக்கு உரியவர்கள்

வசவாக வழங்கும் இப்பெயர், உயிருடன் வாழும் ஒரு சமூகத்தின் பெயருமாகும் என்பது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இம்மக்கள் ஆதியன் என்றும் அழைக்கப்படுகின்றனர். ஆதியன் என்னும் பெயர் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் உள்ளது. இருப்பினும், ஊர் ஊராக அலைந்த குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவது எளிதாக இருக்கவில்லை. சான்றிதழ் இல்லாமையால் பிள்ளைகளின் மேற்படிப்பும் தடைப்பட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர், இச்சமூகப் பிள்ளைகளுக்கும் நரிக்குறவர் பிள்ளைகளுக்குமாக நாகப்பட்டினம் பகுதியில் வானவில் என்னும் பள்ளி தொடங்கப்பட்டது.