ஒருநாள் லீவு போதும்... வாலாஜாபாத் டு வேடந்தாங்கல் நிதானமா ஒரு ரைடு!

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் தினமும் வேலைக்குப் போய் வர்றவரா நீங்க? அப்போ அந்த ரோடுன்னாலே கன்டெய்னர் லாரியும், கம்பெனி பஸ்ஸும், ஒரகடம் ஜங்ஷனும்தான் ஞாபகத்துக்கு வரும். வாரம் முழுக்க ஷிஃப்ட் பார்த்துட்டு, லீவு நாள்ல எங்கயாவது போகலாம்னா மனசு பாண்டிச்சேரிக்கும் ஏலகிரிக்கும் ஓடும். பாதி நாள் டிராஃபிக்லயே கரைஞ்சுடும்.

அதுக்குப் பதிலா, இந்த ரோடு முடியுற வாலாஜாபாத்துல இருந்து தெற்கே வண்டியைத் திருப்புங்க. ஆத்தங்கரை, ஏரிக்கரை, வயல்வெளின்னு ஒரே நாள்ல மூணு ஊர் பார்த்துட்டு வந்துடலாம். கோட்டையும் அரண்மனையும் இந்த வழியில கிடையாது. ஒரு ஆஸ்பத்திரி, ஒரு தேர்தல், ஒரு ஏரி... நம்ம முன்னோர்கள் அன்றாட வாழ்க்கையை எப்படி நடத்தினாங்கன்னு சொல்ற இடங்கள்.

முதல் ஸ்டாப்: திருமுக்கூடல்

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் வாலாஜாபாத். ஒருகாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகள் தங்கியிருந்த இடம். அங்கே ஒரு டீ குடிச்சுட்டு செங்கல்பட்டு ரோட்டைப் பிடிச்சா, கொஞ்ச நேரத்துல பழையசீவரம். காஞ்சி வரதராஜப் பெருமாள் மாட்டுப்பொங்கல் அன்னிக்கு பார்வேட்டைக்கு வர்ற ஊர் இது. அங்கிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினா திருமுக்கூடல்.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம்ங்கிறதாலதான் இந்தப் பேரு. ஆத்தைப் பார்த்தபடி நிற்கிற வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவர்ல, 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 15 படுக்கைகளோட இங்கே நடந்த 'ஆதுலர்சாலை' பத்தி அது பேசுது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வர்றவங்க, நோயாளிகளைக் கவனிச்சுக்கிற பெண்கள்னு ஒவ்வொருத்தருக்கும் என்ன சம்பளம், என்னென்ன மருந்து இருப்பு வைக்கணும்னு எல்லாமே எழுதியிருக்கு. வரவு செலவைக் கல்லுல வெட்டி வெச்சா யாரும் மறைக்க முடியாது இல்லையா!

இரண்டாவது ஸ்டாப்: உத்திரமேரூர்

கிராமத்து ரோட்டுல நிதானமா வந்தா மதியத்துக்குள்ள உத்திரமேரூர். பள்ளிக்கூடத்துல படிச்ச 'குடவோலை' முறை இந்த ஊர்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகள்ல வெட்டப்பட்ட அந்த விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இன்னிக்கும் பார்க்கலாம்.

ஊரை 30 குடும்புகளாப் பிரிச்சு, தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள இருக்கணும். பதவி 360 நாள்தான். முன்னாடி பதவியில இருந்து கணக்கு காட்டாதவர் மட்டுமல்ல, அவரோட நெருங்கிய உறவினர்களும் போட்டியில இருக்க முடியாது! ஏரியைக் கவனிக்கவே 6 பேர் கொண்ட ஏரி வாரியம் தனியா இருந்துச்சு.

இன்னொன்னையும் மறக்கக் கூடாது. இது பிராமணர்களோட சபை. சொந்த நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்குத்தான் இதில் இடம். பெண்களுக்கும் உழைக்கிற மக்களுக்கும் இடமே இல்லை. அதையும் தெரிஞ்சுக்கிட்டு பார்த்தா, இன்னிக்கு நம்ம விரல்ல வைக்கிற மையோட அருமை புரியும்.

மூன்றாவது ஸ்டாப்: வேடந்தாங்கல்

சாப்பிட்டுட்டு, வெயில் தணியுற நேரமா வேடந்தாங்கல் வந்துடுங்க. மேய்ச்சலுக்குப் போன பறவைகள் கூட்டம் கூட்டமா கூடு திரும்புற நேரம் அது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன்னு ஏரிக்குள்ள இருக்கிற மரங்கள் வெள்ளையாப் பூத்த மாதிரி இருக்கும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைதான் சீசன்.

பறவைகளை முதல்ல காப்பாத்தினது அரசாங்கம் இல்லை, ஊர்க்காரங்க. எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு அனுபவத்துல கண்டுபிடிச்சவங்க அவங்க. வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டப்போ, கலெக்டர் வரைக்கும் போய் முறையிட்டு உரிமை வாங்கினாங்க. 2020-ல் சரணாலயத்தோட பாதுகாப்பு எல்லையைக் குறைக்கிற யோசனை வந்தப்போதும் பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைச்சது.

கிளம்புறதுக்கு முன்னாடி

* காலை 7 மணிக்குள்ள கிளம்பிடுங்க. மதியம் கோயில் நடை சாத்திடுவாங்க.
* மழைக்காலத்துல பாலாற்றில் வெள்ளம் போகுதான்னு உள்ளூர்ல விசாரிச்சுக்கோங்க.
* ஏரிக்கரையில ஹாரன், பாட்டு, பிளாஸ்டிக் மூணும் வேண்டாம். பைனாகுலர் இருந்தா எடுத்துக்கோங்க.
* திரும்பும்போது படாளம் வழியா ஜி.எஸ்.டி ரோட்டைப் பிடிச்சா செங்கல்பட்டு வந்துடலாம்.

மறுநாள் காலையில கம்பெனி பஸ் ஒரகடம் பக்கம் போகும்போது ஜன்னல் வழியா ஒரு ஏரி தெரியும். கரையில கொட்டின குப்பையும் தெரியும். 'இதுக்கு யார் வாரியம்?'னு ஒரு கேள்வி மனசுல எழுந்தா, அந்த லீவு வீணாகலைன்னு அர்த்தம்!