மூன்று சீட்டு முதல் ஒமாகா வரை: போக்கர் ஆட்டவகைகளின் விதிகளும் ‘திறன்’ என்னும் சட்டச்சொல்லும்

திறவுச்சொற்கள்: சீட்டாட்டம், போக்கர், மூன்று சீட்டு, ரம்மி, பணயம், திறன், தற்செயல்

முன்னுரை

போக்கர் திறன் சார்ந்த ஆட்டமா, தற்செயல் சார்ந்த ஆட்டமா என்னும் வினா அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டின் சட்டமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. போக்கர் என்பது ஓர் ஆட்டம் அன்று. ஓர் ஆட்டக் குடும்பம். அதன் வகைகள் ஒன்றற்கொன்று எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அறியாமல் இவ்வினாவிற்கு விடை காண இயலாது. அவ்வகைகளின் விதிகளை விளக்கி, திறன் எவ்விடத்தில் செயற்படுகிறது என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையும் சீட்டின் சொற்களும்

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்திலுள்ள பொதட்டூர்பேட்டை, தறித்தொழிலால் அறியப்பட்ட பேரூர். தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் பகுதி அது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லை நகர்ந்தபோது சட்டமும் நகர்ந்தது. சீட்டின் சொற்கள் நகரவில்லை. தமிழில் இஸ்பேட், கிளாவர், டைமன், ஆர்ட்டின் என வழங்கும் நால்வகைச் சீட்டுகள் தெலுங்கில் இஸ்பேட்டு, களாவரு, டைமனு, ஆட்டீனு என வழங்குகின்றன. மலையாளத்திலும் இவற்றை ஒத்த வடிவங்கள் உண்டு. இஸ்பேட் என்பது போர்த்துகீசிய ‘எஸ்பாடா’வுடனும், கிளாவர், ஆர்ட்டின் ஆகியவை டச்சு மொழியின் ‘கிளாவர்’, ‘ஹார்ட்டன்’ ஆகியவற்றுடனும் ஒலியாலும் பொருளாலும் ஒத்துள்ளன. ஆங்கிலேயர்க்கு முன்பே கடற்கரை வணிகத்தின் வழியாக இக்கட்டு தென்னாட்டிற்கு வந்திருத்தல் கூடும் என்பதற்கு இவ்வொப்புமை இடந்தருகிறது.

நிறப்பெயர்கள் இவ்வாறு தெளிவாக இருக்க, ஆட்டப்பெயர்கள் குழப்பமானவை. ‘மூன்று சீட்டு’ என்னும் பெயரைச் சான்றாகக் கொள்ளலாம். திருவிழாக் கூட்டங்களிலும் பேருந்து நிலையங்களிலும் மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, குறித்த ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஏமாற்றும் கைவித்தை அப்பெயரால் சுட்டப்படுகிறது. ஆளுக்கு மூன்று சீட்டு பிரித்து, சுற்றுச் சுற்றாகப் பணயம் ஏற்றும் ஆட்டமும் அதே பெயர் பெறுகிறது. முன்னது ஆட்டமே அன்று, மோசடி. பின்னது ஆங்கிலேயரின் ‘பிராக்’ ஆட்டத்தின் வழிவந்து, வடநாட்டில் ‘தீன் பத்தி’ எனப்படுவது. போக்கரின் நெருங்கிய உறவு. உள்ளே வெளியே என்றும் மங்காத்தா என்றும் வழங்கும் ஆட்டம் இவ்விரண்டினின்றும் வேறானது. அதில் பணத்தை வைத்தபின் ஆடுபவர் செய்வதற்கு எதுவும் இல்லை. சீட்டு விழும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

மூன்று சீட்டின் விதியும் எண்ணிக்கையும்

மூன்று சீட்டில் ஒவ்வொருவரும் தொடக்கப் பணயம் இட்டபின் மூன்று சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படுகின்றன. தம் சீட்டைப் பார்க்காமல் ஆடுபவர் ‘பிளைண்ட்’. பார்த்து ஆடுபவர் ‘சீன்’. பார்த்தவர், பார்க்காதவர் இடும் தொகையைப்போல் இருமடங்கு இட வேண்டும். அறிதலுக்கு விலை வைத்திருப்பது இவ்விதியின் நுட்பம். விலக விரும்புபவர் சீட்டைக் கீழே வைத்துவிடலாம். இருவர் எஞ்சும்போது ஒருவர் ‘ஷோ’ கேட்டால் சீட்டுகள் திறக்கப்படும்.

கைகளின் தரவரிசை மேலிருந்து கீழாக மூன்றும் ஒரே எண், ஒரே நிறத்தில் தொடர்வரிசை, பல நிறத் தொடர்வரிசை, கலர், ஜோடி, தனிச்சீட்டு என அமையும். 52 சீட்டுகளிலிருந்து 22,100 மூன்று சீட்டுக் கைகள் கிடைக்கும். அவற்றில் பல நிறத் தொடர்வரிசை 720, கலர் 1,096. அரிதானது உயர்ந்தது என்னும் கொள்கைப்படி இங்கே வரிசை கலரை வெல்கிறது. ஐந்து சீட்டுப் போக்கரில் நிலை தலைகீழ்: 25,98,960 கைகளில் வரிசை 10,200, கலர் 5,108, ஆகவே கலர் வரிசையை வெல்கிறது. மூன்று சீட்டு பழகியவர் போக்கருக்குச் செல்லும்போது முதலில் மறக்க வேண்டியது இதுவே. 2 முதல் 5 வரையுள்ள சீட்டுகளை நீக்கி 36 சீட்டுகளால் ஆடும் வகையில் கலர் இன்னும் அரிதாகி, மூன்றும் இரண்டுமாகச் சேரும் ‘ஃபுல் ஹவு’ஸையும் வெல்லும். தரவரிசை என்பது எண்ணிக்கையின் குழந்தை. எனினும் மரபு ஓரிடத்தில் எண்ணிக்கையை மீறுகிறது: மூன்றும் ஒரே எண்ணாக அமையும் கைகள் 52, ஒரே நிறத் தொடர்வரிசைகள் 48, ஆயினும் சற்றே மிகுதியான முன்னதற்குத்தான் முதலிடம்.

போக்கரின் வகைகள்

டிரா என்னும் பழைய வகையில் ஐந்து சீட்டுகளும் கவிழ்ந்தே இருக்கும். ஒரு பணயச் சுற்று, பின்பு வேண்டாத சீட்டுகளை மாற்றுதல், மீண்டும் ஒரு சுற்று. எதிராளியைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் இரண்டே: எவ்வளவு பணயம் இட்டார், எத்தனை சீட்டு மாற்றினார்.

ஏழு சீட்டு ஸ்டட் வகையில் ஒவ்வொருவர்க்கும் முதலில் இரண்டு கவிழ்ந்தும் ஒன்று திறந்தும் தரப்படும். பின்னர் மூன்று திறந்தவை, இறுதியில் ஒன்று கவிழ்ந்தது. பணயச் சுற்றுகள் ஐந்து. ஏழில் சிறந்த ஐந்தே கையாகும். விலகியவர்களின் திறந்த சீட்டுகள் களத்தை விட்டு நீங்கிவிடுவதால் அவற்றை நினைவில் வைத்திருப்பவர்க்கே ஆதாயம். தமக்கு வேண்டிய நான்கு எட்டுகளில் இரண்டு ஏற்கெனவே வேறு இருவரிடம் திறந்து மறைந்ததை மறந்தவர், எஞ்சிய இரண்டிற்காக நான்கின் விலையைக் கொடுப்பார்.

டெக்சாஸ் ஹோல்டம் இன்று உலகெங்கும் பரவிய வகை. கையில் இரண்டு சீட்டு, களத்தில் அனைவர்க்கும் பொதுவாக ஐந்து. முதற்சுற்றுப் பணயத்திற்குப்பின் மூன்று பொதுச் சீட்டுகள், பின்பு ஒன்று, மீண்டும் ஒன்று எனத் திறக்கப்படும். ஒவ்வொரு திறப்பிற்குப் பின்னும் ஒரு பணயச் சுற்று உண்டு. திறனின் இயல்பை இங்கு ஒரு கணக்கால் காட்டலாம். ஒருவர் கையில் இரண்டு ஆர்ட்டின், களத்தின் மூன்றில் இரண்டு ஆர்ட்டின் என்க. அவர் காணாத 47 சீட்டுகளில் ஒன்பது ஆர்ட்டின்; அடுத்த சீட்டில் கலர் அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. நடுவில் 100 ரூபாய் இருக்க எதிராளி 50 இடுகிறார். 150 பெற 50 இட வேண்டுமெனில் நூற்றுக்கு 25 முறையேனும் வெல்ல வேண்டும். அடுத்த ஒரு சீட்டை மட்டும் கருதினால் விலகுவதே கணக்கு. அந்த 50 எதிராளியின் கடைசிப் பணமாயின் வேறு செலவின்றி எஞ்சிய இரு சீட்டுகளையும் காணலாம். வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடாக உயரும், ஏற்பதே சரி. சீட்டு மாறவில்லை, முடிவு மாறுகிறது.

ஒமாகாவில் கைச்சீட்டு நான்கு; அவற்றுள் சரியாக இரண்டையும் களத்தின் மூன்றையும் சேர்த்தே கை அமைக்க வேண்டும். களத்தில் நான்கு ஆர்ட்டின் கிடக்க, கையில் ஒரே ஆர்ட்டின் வைத்திருப்பவர்க்கு ஹோல்டமில் கலர் உண்டு, ஒமாகாவில் இல்லை. புதிதாகக் கற்பவர் பணம் இழக்கும் இடம் பெரும்பாலும் இது.

சட்டம் கண்ட திறன்

சிகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றில் ரம்மி ஆடியது தொடர்பான ஆந்திர வழக்கில் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இத்துறையின் அடிப்படை. விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்ளுதல், எதை வைத்து எதைக் கழிப்பதெனத் தேர்தல் ஆகியவற்றைக் கொண்டு ரம்மி பெரிதும் திறன் சார்ந்தது என அது கூறியது. ‘ஃபிளஷ்’, ‘பிராக்’ எனப்படும் மூன்று சீட்டு முற்றிலும் தற்செயல் என்றும் அது பிரித்தது. ரம்மி பற்றிய முடிவு நுட்பமானது. மூன்று சீட்டு பற்றிய கூற்று பாதியே பொருந்தும்: சீட்டு பிரிக்கப்பட்டபின் எதுவும் மாறுவதில்லை என்பது உண்மை, ஆனால் பார்ப்பதா, தொடர்வதா, விலகுவதா என்னும் முடிவுகள் ஆடுபவருடையவை.

இதனினும் முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. ரம்மியின் திறன் சீட்டில் உள்ளது. காசின்றி வீட்டுத் திண்ணையில் ஆடினாலும் அது குறையாது. போக்கரின் திறன் பணயத்தில் உள்ளது. மேற்கண்ட கணக்கிலிருந்து ரூபாயை நீக்கினால் முடிவெடுக்க எதுவுமே எஞ்சாது. திறனையும் பணயத்தையும் தனித்தனியே எடைபோடும் அளவுகோல் ரம்மிக்கு அமைந்தது. போக்கரில் அவ்விரண்டும் ஒன்றே. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதாட்டத்தினின்று விலக்கியிருக்க, குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதனைச் சூதாகவே கொண்டது. இம்முரணுக்கு மேற்சொன்ன இயல்பும் ஒரு காரணமாகலாம்.

திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய சூதில் கவறு, கழகம், கை என மூன்று அடுக்கப்படுகின்றன. ‘கை’ என்பதற்குப் பரிமேலழகர் ஆடற்கு வேண்டும் கைத்தொழில் எனப் பொருள் கொள்கிறார். திறன் இருப்பதால் சூது சூதாகாமல் போவதில்லை. சூதின் உறுப்புகளுள் அதுவும் ஒன்று என்பதே அவ்வுரையின் கருத்தாகக் கொள்ளத்தக்கது. இக்காலச் சட்ட வழக்கு திறனை விலக்கிற்குரிய காரணமாகக் காண்பது இதற்கு நேர்மாறானது.

தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு 3 அன்று நீக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப்பின் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற சட்டம், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்கள் எனத் தன் அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பர் 9 அன்று அதே நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அட்டவணையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமோ, பண ஆட்டத்தைத் திறன், தற்செயல் என்னும் பாகுபாடின்றித் தடை செய்கிறது. பரிமேலழகர் உரையின் பார்வைக்கு இது நெருங்கி வருகிறது.

இணையத்தைப் பொறுத்தவரை வினா அங்கே அடைபட்டது. கையில் பிடித்து ஆடும் சீட்டிற்கு 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும், திறன் ஆட்டங்களுக்கு அதன் 11ஆம் பிரிவு தரும் விலக்கும் உள்ளன. விழுந்த சீட்டை நினைவில் கொள்ளுதல் என்னும் 1967ஆம் ஆண்டு அளவுகோலைப் போக்கர் வகைகளுக்குப் பொருத்திப் பார்த்தால் ரம்மிக்கு மிக அருகில் நிற்பது ஹோல்டம் அன்று, ஏழு சீட்டு ஸ்டட். டிராவும் மூன்று சீட்டும் தொலைவில் நிற்கும். குற்றச்சாட்டில் ‘மூன்று சீட்டு’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், பேருந்து நிலையக் கைவித்தையா, சுற்றுப் பணய ஆட்டமா என்பதை முதலில் கேட்டறிய வேண்டியிருக்கும்.