பழைய டைரியைத் தூக்கிப் போடும் முன்...

வருஷக் கடைசி வந்தால் எங்கள் வீட்டில் எனக்கு ஒரு வேலை உண்டு. பேங்கிலோ நகைக்கடையிலோ கொடுத்த புது டைரியை மடியில் வைத்துக்கொண்டு, பழைய டைரியில் இருக்கிற முக்கியமான சங்கதிகளை அதில் காப்பி பண்ணுவது. "எல்லாம் செல்லுலயே இருக்கேம்மா..." என்று மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். கேஸ் வந்த தேதி, இன்ஷூரன்ஸ் கெடு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைத்தோம் என்பதெல்லாம் எனக்கு டைரியில் இருந்தால்தான் நிம்மதி. டாக்டரிடம் போகும்போது பார்க்கிற எடையும் பி.பி.யும் அதிலேயேதான் இருக்கும்.

2023 டிசம்பர் 31-ம் தேதியும் அப்படித்தான் உட்கார்ந்தேன். 68 வயதான என் மாமியாரின் எடையை வரிசையாக எழுதினேன். மார்ச்சில் 61 கிலோ, ஜூலையில் 58, நவம்பரில் 55... பேனா அப்படியே நின்றுவிட்டது!

இத்தனைக்கும் ஜூலையில் "பரவாயில்லையே அத்தை, மூணு கிலோ குறைஞ்சிட்டீங்க" என்று பாராட்டியவளே நான்தான். கல்யாண வீட்டில் பார்த்தவர்கள் "என்ன மாமி, டயட்டா?" என்று கேட்டார்கள். அத்தைக்கும் பெருமை. ஜாக்கெட் தொளதொளவென்று ஆகி, இரண்டு தடவை தையல்காரரிடம் பிடிக்கக் கொடுத்தோம். அப்போதும் யாருக்கும் உறைக்கவில்லை. அவர் டயட் எதுவும் இருக்கவில்லை, எப்போதும்போலத்தான் சாப்பிட்டார் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது.

வயதானவர்களுக்கு, முயற்சி பண்ணாமலேயே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் எடையில் 5 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு மூன்று கிலோ என்பதே அந்தக் கணக்குதான். அத்தை இறங்கியிருந்தது ஆறு கிலோ!

ஜனவரி முதல் வாரமே டைரியோடு போனோம். சர்க்கரை, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, குடலில் சத்து சேராதது என்று காரணம் பலவாக இருக்கலாம் என்றார் டாக்டர். பல்செட் சரியாகப் பொருந்தாமல் மெல்ல முடியாதவர்களும், மாத்திரையால் பசி மந்தமானவர்களும் இளைப்பது உண்டாம். அத்தையின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நிமிஷத்துக்கு 104. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். மிகக் குறைவு. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது.

தைராய்டு என்றால் குண்டாவார்கள் என்றுதானே நமக்குத் தெரியும்? அது சுரப்பு குறைந்தால். கூடினால் உடம்பு இளைக்கும். இளவயதுக்காரர்களுக்குக் கை நடுக்கம், படபடப்பு, வியர்வை என்று பளிச்செனத் தெரியும். வயதானவர்களுக்கு வெறும் அசதியும் இளைப்புமாக மட்டும் இருந்துவிடலாம். "வயசாச்சு இல்ல... அதான்" என்று விட்டுவிடுவோம். விட்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகி, பக்கவாதம் வரைக்கும் போகலாம். எலும்பும் தேயும்.

கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்தார்கள். அதைச் சாப்பிடும்போது ஜுரமோ தொண்டைவலியோ வந்தால், கஷாயம் போட்டுக்கொண்டு காத்திராமல் உடனே டாக்டரிடம் போய் ரத்தம் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைவது அபூர்வம்தான், ஆனால் ஆபத்து. 2024 ஜூலையில் அத்தை 59 கிலோ. தையல்காரரிடம் போய், பிடித்த தையலையெல்லாம் பிரித்து வாங்கி வந்தேன்!

இப்போதெல்லாம் புது டைரி வந்ததும் முதல் பக்கத்தில் ஆளுக்கொரு வரி: ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தினமும் சாப்பிடுகிற மாத்திரையும் அதன் அளவும். அதற்குக் கீழே நம்பர்கள். ஆம்புலன்ஸுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. மனசு சரியில்லை என்றால் 14416. முதியோருக்கு 14567. குழந்தை எதையாவது குடித்துவிட்டால் கேட்க, டெல்லி எய்ம்ஸில் உள்ள விஷ முறிவுத் தகவல் மையம்: 1800 116 117.

கடைசிப் பக்கத்தில் எடைக்கணக்கு. மாதம் ஒரு தடவை, அதே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில். நாங்கள் சனிக்கிழமை பார்க்கிறோம். ஞாயிறு என்றால் வீட்டுக்காரர் எழுந்திருப்பதற்குள் இட்லி ஆறிவிடுகிறது!