தேயிலை நிலத்தின் புளிப்பும் உரத்தின் பயனும்

நீலகிரி ஜில்லாவில் குன்னூர், கோத்தகிரி முதலிய தாலுகாக்களில் தேயிலை பயிரிடும் குடியானவர்களிற் பலர், ஆண்டுதோறும் தவறாது உரமிட்டும் கொழுந்து குறைந்து வருவதாகக் குறைப்படுகின்றனர். குறைந்தவுடன் உரத்தின் அளவை ஏற்றுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் நிலத்தில் இட்ட சத்து வேறு. வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய சத்து வேறு. பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடையே தடையாய் நிற்பது மண்ணின் மிகுந்த புளிப்பேயாகும்.

தேயிலை புளிப்பு நிலத்தை விரும்பும் செடி என்பது உண்மையே. புளிப்பைக் குறிக்கும் பி.எச். எண் 4.5 முதல் 5.5 வரை இருப்பின் அது செழித்து வளரும். இவ்வெண் குறையக் குறையப் புளிப்பு மிகும். 5-லிருந்து 4-க்கு இறங்கினால் புளிப்பு பத்து மடங்காகும். அந்நிலையில் மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு வேருக்குக் கிடையாமற் செய்கின்றன. சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து ஆகியவை மழைநீரோடு எளிதில் அரித்துச் செல்லப்படுகின்றன.

கனமழையேயன்றி, நாம் இடும் தழைச்சத்து உரங்களும் புளிப்பை வளர்க்கின்றன. 100 கிலோ அமோனியம் சல்பேட் உண்டாக்கும் புளிப்பை மாற்றுவதற்கு ஏறக்குறைய 110 கிலோ சுண்ணாம்புக்கல் மாவு வேண்டும். ஆகவே, புளிப்பைக் கவனியாது உரத்தை மட்டும் ஏற்றுவது நோயை வளர்த்துக்கொண்டே மருந்துண்பது போன்றதாகும்.

செய்யவேண்டியவை:

1. உரமிட்டு இரண்டு மாதமேனும் கழிந்த பின், தோட்டத்தின் பல இடங்களில் சருகை நீக்கி, ஒரு சாண் ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவைப் பரிசோதனைக்கு அனுப்புக.

2. எண் 4.5-க்குக் கீழிருந்தால், கவாத்து செய்யும் ஆண்டில், மண் ஈரமாயிருக்கும்போது, பரிசோதனையிற் கூறிய அளவு டோலமைட் தூளைத் தூவுக. இதனை அமோனியம் சல்பேட்டுடன் கலக்கலாகாது. கலந்தால் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும். அளவுக்கு மிஞ்சி இடுதலும் தேயிலைக்குக் கேடு.

3. மணிச்சத்திற்குப் பாறை பாஸ்பேட் ஏற்றது. புளிப்பு மண்ணில் அது சிறிது சிறிதாகக் கரையும். மேலே தூவாமல், வேரருகே குழியிட்டு மூடுக.

4. கவாத்துத் தழைகளை விறகுக்கு எடுத்துச் செல்லாமல் நிலத்திலேயே பரப்புக. செடி எடுத்த சத்தில் ஒரு பகுதி மண்ணுக்கே திரும்பும். மண் அரிப்பும் குறையும்.

உரத்தின் விலையை நோக்க, மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு அற்பமே. ஆகையால் நிலச்சொந்தக்காரர்கள் கவாத்துக்கு முன் இதனைத் தவறாது செய்துகொள்ள வேண்டும். கிராம அலுவலர்களும் தத்தம் கிராமங்களில் இதனை எடுத்துரைத்து, மண் மாதிரிகளைச் சேர்த்தனுப்ப உதவி புரிவார்களாக.