மூத்த கைகள் – 9: சலூன் நாற்காலி

மும்பை மான்குர்த் மகாராஷ்டிரா நகரில் 8 மெஷின் போட்டுத் தையல் பட்டறை நடத்தும் தம்பியையும், அவர் அப்பா காலத்திலிருந்து அங்கே துணி வெட்டும் 66 வயது மாஸ்டரையும் போன வாரம் பார்த்தோம். வயதில் மூத்தவரிடம் வேலை மெதுவாவது போன்ற குறையை எப்படிச் சொல்வது என்ற தம்பியின் கேள்விக்கு இந்த வாரம் பதில் எழுதுவதாக இருந்தேன்.

நடுவில் ஒரு நாற்காலி வந்து உட்கார்ந்துகொண்டது. முடிவெட்டும் கடையில் இருக்குமே, ஏற்றி இறக்கலாம், சுழற்றலாம், அந்த நாற்காலிதான். ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரில் உள்ள பி.எம்.டபிள்யூ கார் ஆலைக்குள் அது நுழைந்த கதையைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

2007-ல் அந்த ஆலைத் தொழிலாளர்களின் சராசரி வயது 39. பத்து ஆண்டில் அது 47 ஆகிவிடும் என்று கணக்குச் சொன்னது. வருவது வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 42 பேர் கியர் பெட்டி பூட்டும் ஒரு வரிசையில், சராசரி 47 வருகிற மாதிரி அப்போதே ஆட்களை நிறுத்தினார்கள். 'பென்ஷன்காரர் லைன்' என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். நிர்வாகமோ அந்த 42 பேரிடமே போய், எங்கே வலிக்கிறது, எதை மாற்றினால் நோகாது என்று கேட்டது.

பதில்கள் எல்லாம் எளிமையானவை. சிமென்ட் தரையில் நின்றால் முழங்கால் வலிக்கிறது என்றார்கள், மரத்தளம் போட்டார்கள். சின்ன பாகம் கண்ணுக்குத் தெரியவில்லை, பூதக்கண்ணாடி வைத்தார்கள். கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். ஒரே தசைக்கு நாள் முழுக்க வேலை வராதபடி ஆட்களை இடம் மாற்றினார்கள். வேலை செய்துகொண்டே உட்காரவும், இடையில் கொஞ்சம் சாயவும் சலூன் நாற்காலி வந்தது. மொத்தம் 70 மாற்றங்கள். கூடிப் பேசிய நேரத்துக்கான கூலியையும் சேர்த்துச் செலவு சுமார் 40,000 யூரோ. அவ்வளவு பெரிய ஆலைக்கு அது கைச்செலவு. ஓராண்டில் அந்த வரிசையின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் கூடி, இளைஞர்களின் வரிசைக்குச் சமமாக நின்றது.

நம் பக்கத்திலோ உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்காக விஜி என்பவர் 'பெண்கூட்டு' அமைப்பின் மூலம் போராடினார். 2018-ல் கேரளம் கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை உரிமை தந்தது; 2021-ல் தமிழ்நாடும் தந்தது. அந்த விஜி ஒரு தையல்காரர். இதைப் படித்தபோது மான்குர்த் மாஸ்டரின் கால்கள்தான் கண்ணுக்கு முன் நின்றன.

மறுநாளே பட்டறைக்குப் போனேன். வெளியே மழை, உள்ளே ஓவர்லாக் மெஷினின் இரைச்சல். ஜெர்மனிக் கதையைச் சொன்னதும் தம்பிக்கு உற்சாகம். "மண்டாலா பங்கார் மார்க்கெட்டுல தேடினா பழைய சலூன் நாற்காலி கிடைக்கும். இன்னைக்கே வாங்கிப் போட்டுடுறேன்" என்றார்.

"முதல்ல அண்ணாச்சிகிட்ட கேளுங்க" என்றேன்.

கேட்டார். மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வெட்டுறப்ப எனக்கு நிக்கத்தான் வரும் தம்பி. நாற்காலியை காஜா எடுக்குற அம்மாவுக்குப் போடுங்க. எனக்கு அந்த ஏணிதான்" என்றார்.

மும்பையில் சின்னப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, தலைக்கு மேலே ஒரு மாளா என்கிற பரண், அதற்குச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. துணிக்கட்டெல்லாம் மேலேதான். அவர் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது ஏறி இறங்குகிறார். வேலை மெதுவாகிவிட்டது என்று தம்பி நினைத்தாரே, அந்தத் தாமதம் ஏணியில் இருக்கிறது. வெட்டும் கையில் ஒரு நூல் பிசகில்லை.

இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். பொதுக் கழிவறை சந்து தாண்டி இருக்கிறது, போனால் வரிசை. ஆகவே காலையிலிருந்து மத்தியானம் வரை அவர் தண்ணீர் குடிப்பதில்லை. தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை வருஷமா சொல்லலியே அண்ணாச்சி?" "நீங்க கேக்கலியே தம்பி."

இதில் குற்றம் சொல்ல யாரும் இல்லை. மூத்தவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். முடியவில்லை என்று சொன்னால் வேலையே போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. பெரியவரைக் கேட்பது மரியாதையில்லை என்று இளையவர்கள் கூசுகிறார்கள். வயதானவரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். டிங்கோல்ஃபிங்கில் பலித்த வித்தை அந்தக் கேள்விதான்.

அன்றைக்குத் தேவையான துணியைக் காலையிலேயே பையன்கள் இறக்கி வைப்பது என்று முடிவாயிற்று. அவசரம் என்றால் மாஸ்டர் எப்போது வேண்டுமானாலும் கழிவறைக்குப் போகலாம், யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது என்று தம்பி எல்லோர் முன்னாலும் சொன்னார். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

குறை சொல்லும் விஷயம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. கூடவே பணிக்கொடையும். 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பணிக்கொடைச் சட்டம். 8 பேர் உள்ள பட்டறையில் ஆயுள் முழுக்க உழைத்தவருக்கு யார் என்ன தருவது என்பதையும் பேச வேண்டும். நான் கிளம்பும்போது மாஸ்டர் வெட்டு மேசை ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொம்பு முழுக்க.

(தொடரும்)