வாலாட்டும் வைத்தியர்கள்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதைப் பற்றி நம் பெரியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பழமொழியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும்! ஏனென்றால், இப்போது நாயைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, ரோமம் வாரி, வகுப்பறையிலும் முதியோர் இல்லத்திலும் ஆஸ்பத்திரி வார்டிலும் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். வைக்கச் சொல்பவர்கள் டாக்டர்களும் மனோதத்துவ நிபுணர்களும்.

இதற்குச் 'சிகிச்சை நாய்' என்று பெயர். மோப்பம் பிடிக்கும் போலீஸ் நாய் வேறு. கண் தெரியாதவர்களுக்கு வழி காட்டும் நாய் வேறு. இந்த நாயின் உத்தியோகமே சும்மா இருப்பதுதான். தடவினால் தடவ விட வேண்டும், பேசினால் காதைத் தூக்கிக் கேட்க வேண்டும், கத்தினாலும் மிரளக் கூடாது. 'சும்மா இருக்க ஒரு நாயா? அதற்கு நாம் போதாதா?' என்று கேட்கத் தோன்றும். நம்மால் முடியாதம்மா! பிள்ளை ஒரு வரி படித்தால் பத்துத் திருத்தம் சொல்கிறோம். வயசானவர்கள் சொன்னதையே மறுபடி சொன்னால், "இதைத்தான் காலையிலேயே சொன்னீங்களே" என்கிறோம். நாய் அப்படிச் சொல்வதில்லை.

இந்த யோசனை நேற்று வந்ததும் இல்லை. நர்ஸ்களுக்கெல்லாம் தாய் மாதிரியான ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், 1859-ல் வெளிவந்த நோயாளி பராமரிப்புப் புத்தகத்திலேயே, நெடுநாள் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஒரு சின்னப் பிராணி நல்ல துணை என்று எழுதியிருக்கிறார். ஆனால் இதை வைத்தியமாகவே பேச ஆரம்பித்தவர் நியூயார்க்கில் இருந்த போரிஸ் லெவின்சன் என்கிற குழந்தை மனோதத்துவ நிபுணர். யாரோடும் ஒட்டாத ஒரு பையனை அவனுடைய பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்னாலேயே அழைத்து வந்துவிட்டார்கள். அன்று லெவின்சனின் 'ஜிங்கிள்ஸ்' என்ற நாய் அறையிலேயே படுத்திருந்தது. அது ஓடிப்போய்ப் பையனை நக்க, அவன் பயப்படாமல் அதை அணைத்துக்கொண்டான். அப்புறம் நாயோடு விளையாடவே வந்து வந்து, மெதுவாக டாக்டரோடும் பழகினான். 1962-ல் அவர் இதைக் கட்டுரையாக எழுதினார். உடன் தொழில் செய்தவர்களில் பலர் கேலி செய்தார்களாம். வாங்குகிற ஃபீஸில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டவர்கூட உண்டாம்!

நம் பக்கத்துக்கு இது வந்த வழி ஹாங்காங் வழி. அங்கே 1991-ல் ஜில் ராபின்சன் என்ற பெண்மணி 'மாக்ஸ்' என்ற தன் நாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் 'டாக்டர் டாக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அந்தத் திட்டம் சென்னையில் புளூ கிராஸ் மூலமாக நடந்தது. எல்டாம்ஸ் ரோடில் சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளை நடத்தும் சரஸ்வதி கேந்திரம் என்ற பள்ளியில், படிப்பதில் சிரமப்படும் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் துணையாக நாய்களைக் கொண்டுவந்தார்கள். மும்பையில் மினல் கவிஷ்வர் என்ற மனோதத்துவ நிபுணர் 'அனிமல் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பை ஏற்படுத்தி இதே வேலையைச் செய்து வந்திருக்கிறார்.

நாய் வந்து அப்படி என்னதான் செய்துவிடும்? பள்ளிக்கூடத்தை முதலில் பார்ப்போம்.

பெரிய கூட்டத்தில் வாய்விட்டுப் படிப்பது குழந்தைகளுக்கு எவ்வளவு பாரம் என்பதை நாம் மறந்துவிட்டோம். படிக்கும்போது நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம்கூட ஏறும். 1983-ல் அமெரிக்காவில் சில ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளை உரக்கப் படிக்கச் சொல்லி ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். அறையில் ஒரு நாய் இருந்தபோது அது குறைவாக இருந்தது. நாய் ஒன்றும் செய்யவில்லை, இருந்தது, அவ்வளவுதான். பிறகு 1999-ல், சால்ட் லேக் சிட்டி என்ற ஊரில், குழந்தைகள் நாய்க்குக் கதை படித்துக் காட்டும் ஏற்பாட்டையே ஆரம்பித்துவிட்டார்கள். (ஊர்ப் பெயரைத் தமிழில் சொன்னால் 'உப்பு ஏரி நகரம்'. மரக்காணம் உப்பளத்துப் பக்கத்துக்காரிக்கு அந்தப் பேரே போதும், உறவு கொண்டாட!) குழந்தை நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படிக்கும். தப்பாகப் படித்தாலும் நாய் திருத்தாது, சிரிக்காது. நாயைக் கூட்டி வந்தவர் மட்டும், "இந்த வார்த்தை நம்ம நாய்க்குப் புரியலை போலிருக்கே, நீ விளக்கிச் சொல்லேன்" என்பாராம். தெரியாதது குழந்தைக்கு அல்ல, நாய்க்கு! எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

எங்கள் பெருமுக்கல்லில் தெருவுக்குத் தெரு நாய் உண்டு. பயிற்சி பெற்ற நாய் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அடுத்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன், திக்குவாய். அவன் அப்பா உப்பளத்தில் வெயிலோடு வெயிலாக உப்பு வாரிவிட்டு அலுத்து வருவார். "படிடா" என்பார். இவனுக்கு முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். அவர் கத்த, இவன் அழ, அவன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வர... தினம் இதுதான். நான் இந்த விஷயத்தைப் படித்துவிட்டு அவளிடம் சொன்னேன். அவர்கள் வீட்டு நாய்க்கு வயசாகிவிட்டது, ஊசி போட்டது, சாதுவான சுபாவம். சாயங்காலம் திண்ணையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் படிப்பான். அவன் அம்மா வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு காதை மட்டும் கொடுப்பாள். வாய் திறக்கக் கூடாது என்று நான் போட்ட கண்டிஷன்! திக்கு போய்விட்டது என்று சொன்னால் பொய். அதற்குப் பேச்சுப் பயிற்சிதான் வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் புத்தகத்தைக் கண்டதும் அழுவது நின்றிருக்கிறது. அப்பாவும் இப்போதெல்லாம் திண்ணைப் பக்கம் வந்தால் சத்தம் போடாமல் நடக்கிறார்.

இனி முதியோர் விஷயம். எனக்கு இதில்தான் மனசு அதிகம் ஒட்டுகிறது.

2002-ல் அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் இருந்த 45 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. சிலருக்கு வாரம் ஒரு தடவை, சிலருக்கு மூன்று தடவை, அரை மணி நேரம் நாய் வந்து போனது. ஆறு வாரத்தில் அவர்களுடைய தனிமை உணர்வு குறைந்தது. ஒன்றைக் கவனியுங்கள். நாய் வேண்டும் என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் முன்பே பிராணிகளோடு வாழ்ந்தவர்கள். ஆகவே எல்லா வயசானவர்களுக்கும் இது மருந்து என்று நினைத்துவிடக் கூடாது.

அதே ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் வேடிக்கையாக ஒன்று செய்தார்கள். சில பேருக்கு நிஜ நாய், சில பேருக்கு 'ஐபோ' என்ற பொம்மை நாய், அதாவது மின்சார யந்திர நாய். இரண்டுமே தனிமையைக் குறைத்தன! எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால், அந்த முதியவர்கள் பசித்திருந்தது நாய்க்காக மட்டும் இல்லை என்று படுகிறது. நம்மைத் தேடி ஒன்று வருகிறது, அதைத் தொடலாம், அதைப் பற்றி நர்ஸிடம் நாலு வார்த்தை பேசலாம் என்கிற அந்த எதிர்பார்ப்பு இருக்கிறதே, அதற்கும்தான்.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். "நான் என்ன குழந்தையா?" என்று பந்தை விட்டெறிந்தார். எங்கள் வீட்டு மணி தினமும் மத்தியானம் அவர் கட்டில் பக்கம் வந்து நிற்கும். எப்போதும் அவர் கையால் ஒரு உருண்டை சோறு வாங்கித் தின்று பழகிய நாய். இடது கையால் கொடுக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. "சோத்தாங்கையால குடுக்கிறதுதான் முறை" என்று வலது கை விரல்களை மடக்கி மடக்கிப் பார்ப்பார். நான் கையில் வைத்துக் கொடுப்பேன், பாதி கீழே விழும், மணி எதையும் குறையாக நினைக்காது. பயிற்சி சொல்லித் தர வந்த பெண்ணிடம் இதைச் சொன்னபோது, சிகிச்சை நாய் வரும் இடங்களில் விழுந்த கையால் நாய்க்கு ரோமம் வாரிவிடச் சொல்வதும் உண்டு, நீங்களும் செய்யுங்கள் என்றார். அதற்கென்று ஒரு சீப்பு வாங்கினேன். இப்போது சீப்பு அவர் கையில் நிற்கிறது. டம்ளர் இன்னும் நிற்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, இதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும்: தெரு நாயைக் கூட்டி வந்து குழந்தையிடம் விடாதீர்கள்! சிகிச்சை நாயை ஒரு வயசாவது நிறைந்த பிறகே தேர்ந்தெடுப்பார்கள். தட்டு விழும் சத்தம், வாலை இழுப்பது, ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் அசையாமல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். தடுப்பூசியும் பூச்சி மருந்தும் தவறாமல் போட்டிருக்க வேண்டும். இனம் முக்கியமில்லை. நம் நாட்டு நாயானாலும் குணம் சரியாக இருந்தால் போதும்.

வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு கால்நடை டாக்டர் சொல்லும் கணக்கில் வருஷா வருஷம். எவ்வளவு சாதுவானாலும் சின்னக் குழந்தையையும் நாயையும் தனியே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போகாதீர்கள். அது தின்னும்போதும், குட்டி போட்டிருக்கும்போதும் கிட்டவே விட வேண்டாம்.

ஏதாவது நாய் கடித்துவிட்டால், பல் லேசாகப் பட்டிருந்தாலும், உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் அப்ப வேண்டாம். மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தவும் வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். அங்கே வழக்கமாக முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28-ம் நாட்களில் மறுபடி போடுவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. ஆழமான கடியானால் காயத்தைச் சுற்றிப் போடும் வேறு மருந்தும் உண்டு, கேட்டு வாங்குங்கள். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. அதனால் சோம்பல் கூடாது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ இப்படி நாயை யாராவது அழைத்து வந்தால், முதலில் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். ஆஸ்துமா, ஆறாத புண், உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைவு இருப்பவர்களை டாக்டரைக் கேட்காமல் கிட்டே விட வேண்டாம். நாயென்றால் பயப்படும் குழந்தையைத் தைரியம் வரட்டும் என்று தள்ளிவிடக் கூடாது. சில குடும்பங்களில் நாயைத் தொடும் வழக்கம் கிடையாது, அவர்களிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். தொட்ட பிறகு எல்லோரும் கை கழுவ வேண்டும். நாயைக் கூட்டி வந்தவர் கயிற்றை விட்டு நகரவே கூடாது.

நாய்க்கும் அலுப்பு உண்டு. ஆளுக்கு ஆள் தடவினால் அதற்கும் தாங்காது. கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் இழுக்காதீர்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, மீதிக் குழந்தைகளிடம் அடுத்த வாரம் என்று சொல்லி அனுப்புங்கள்.